காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு

ரத்த அழுத்தக் கருவி முதல் தடவை 188க்கு 110 என்று காட்டியது. பட்டையைச் சரியாகக் கட்டவில்லை போலிருக்கிறது என்று ஸ்வீட்டி தன்னையே சந்தேகப்பட்டாள். அடுத்து கருவியைச் சந்தேகப்பட்டாள். தன் கையில் கட்டிப் பார்த்தாள். 116க்கு 76. அருளம்மாளை ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்லி மறுபடியும் அளந்தாள். 186க்கு 110.

ஆவூரில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுப்பது அவள் வேலை. சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அருளம்மாளுக்கு வயது ஐம்பத்து மூன்று. அவளுடைய அக்கா இதே வயதில், இதே அழுத்தத்தால், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதே சாய்ந்து இறந்துபோனவள். ஸ்வீட்டியின் நோட்டில் அதுதான் முதல் வரி. அதன் கீழே: இடுப்புச் சுற்றளவு அதிகம். புகையிலை உண்டு. கருவாடு வாரம் நாலு நாள். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார்.

"சித்தி, மாத்திரை போடுறீங்கள்ல?"

"நீ சொன்ன மாதிரியேதான் போடுறேன்."

போன மாதமும் இதே பதில்தான். அப்போது எழுதிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். இன்று, "அட்டைய எடுத்துட்டு வாங்க, பாப்போம்" என்றாள்.

பிஸ்கட் டப்பாவிலிருந்து நாலு அட்டைகள் வந்தன. ஒன்றில் ஐந்து குழி காலி. மற்ற மூன்றில் ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"சித்தி!"

"என்ன சித்தி? காலச் சாப்பாட்டுக்குப் பெறகு போடணும், வெறும் வயித்துல போடக்கூடாதுன்னு ரெண்டு தடவ சொன்ன. சீட்டுல வேற எழுதிக் குடுத்த. தவக்காலம் தொடங்குன விபூதிப் புதன்லேருந்து நான் ஒருசந்தி. மத்தியானம் ஒரு வேளதான் சாப்பாடு. காலையில ஏது? ஞாயித்துக்கெழம மட்டும் சாப்பிடலாம், அன்னிக்குக் கரெக்டா போட்டுர்றேன்."

ஐந்து ஞாயிறு, ஐந்து குழி. ஸ்வீட்டிக்குக் காது சூடானது. யாரும் மறந்துவிடக் கூடாதே என்று அவளாகச் சேர்த்துச் சொன்ன வார்த்தை அது.

செவிலியருக்குப் போன் போட்டாள். "அந்த மாத்திரைக்குச் சாப்பாடே தேவையில்ல. இப்பவே ஒண்ணு போடச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா. தலவலி இருக்கான்னு கேளு" என்றார் அவர்.

"பின்னந்தல கனமாத்தான் இருக்கு. பட்டினியாலன்னு இருந்தேன்" என்றாள் அருளம்மாள். ஆனால் மாத்திரையை வாங்கவில்லை. "மக வயித்துல ஒரு பூச்சி புழு தங்கணும்னு நேந்துக்கிட்டது. தவக்காலம் முடியிற பாஸ்காவுக்கு இன்னும் பத்து நாளுகூட இல்ல. நடுவுல ஒடைக்கச் சொல்றியா?"

"தண்ணியும் மாத்திரையும் சாப்பாடு இல்லையே, சித்தி." சொன்ன அவளுக்கே குரல் உறுதியாக வரவில்லை.

பக்கத்து வீட்டு வாசலில் அருளம்மாளின் ஓரகத்தி பாத்திமா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "சேசு சாமியுந்தான் நாப்பது நாளு நோன்பிருந்தாரு. அவருக்கு பிரஷர் இருந்துச்சாக்கா?"

"நீ ஒன் துணியப் பிழிடி."

"வாயில போயிலய அடக்கிக்கிட்டு ஒருசந்தியாம்!"

"போயில சாப்பாடு இல்லடி."

"அப்ப மாத்திர மட்டும் சாப்பாடாக்கும்?"

அருளம்மாளின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. எழுந்து போய் முருங்கை மரத்தடியில் துப்பினாள். மூன்று தடவை வாய் கொப்பளித்தாள். சிலுவை போட்டுக்கொண்டு கையை நீட்டினாள்.

ஆஸ்பத்திரியில் மாலைவரை உட்கார வைத்து, அழுத்தம் இறங்குவதைப் பார்த்த பிறகே அனுப்பினார்கள். காலையில் கஞ்சியாவது குடிக்கச் சொன்னார் டாக்டர். திரும்பி வரும்போது, ஸ்கூட்டரின் பின்னாலிருந்து புகையிலைச் சுருக்குப் பை ஸ்வீட்டியின் மடியில் விழுந்தது.

"கஞ்சி குடிச்சா நேத்திக்கடன்ல கொறஞ்சு போகும்ல? அதுக்குப் பதிலா இத விடுறேன். பாஸ்கா வரைக்கும் நீ வச்சுக்க."

"அதுக்கப்பறம் கேட்டா?"

"வெறும் வயித்துல போடக்கூடாதுன்னு சொல்லு."

ஒரு வாரம் கழித்து 146க்கு 92 காட்டியது. ஸ்வீட்டிக்கு நம்பிக்கை வரவில்லை. தன் கையில் ஒரு தடவை கட்டிப் பார்த்துவிட்டு, மறுபடியும் அளந்தாள். 144. புது அட்டையை வாங்கி, ஏழு குழி காலியாக இருப்பதையும் விரல் வைத்து எண்ணினாள்.

அருளம்மாள் சுருக்குப் பையைக் கேட்கவில்லை. ஸ்வீட்டியின் தோள்பையை மட்டும் இரண்டு தடவை பார்த்தாள்.