பாஸ்கோ வீட்டு வார்னிஷ்

சவப்பெட்டியின் மூடியை உனா பாஸ்கோ உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பளபளத்த பூச்சு வெள்ளைத் தூளாக உதிர்ந்தது.

"கம்பெனிப் பூச்சும்மா. கண்ணாடி மாதிரி இருந்துச்சு," என்றார் சவ அடக்கக் கடைக்காரர் கார்வன்.

"பெட்ரோலியச் சாமான். எங்க வீட்டுல யாரும் அதுக்குள்ள படுத்ததில்ல."

முந்தாநாள் இறந்தது அவள் தம்பி கிளைவ். ஆஸ்திரேலியாவின் ஜீலாங்கில் மூன்று தலைமுறையாக ஆளிவிதை எண்ணெயை மரப்பிசினோடு காய்ச்சி வார்னிஷ் விற்ற குடும்பம். தாத்தாவும் அப்பாவும் சொந்த வார்னிஷ் பூசிய பெட்டியில்தான் மண்ணுக்குள் போனார்கள். கிளைவ் கடைசியாகக் காய்ச்சிய டின்னை உனா கொண்டுவந்திருந்தாள். குடும்பத் தொழிலின் அலுவலகத்தை நடத்தியவள் அவள். வார்னிஷ் காய்ச்சும் கொப்பரைப் பக்கம் போனதில்லை.

இரண்டாம் கை பூசி முடித்தபோது, கிளைவின் மனைவி நோரீன் அவனுடைய கோட்டோடு வந்தாள். டின்னைப் பார்த்ததும் நின்றாள்.

"உனா, இதையா பூசினீங்க? இதுல உலர்த்தி மருந்து சேர்க்கல. நெஞ்சு வலிக்குதுன்னு அப்படியே விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாரு. இந்தக் குளிருக்கு ஒரு வாரமானாலும் காயாது."

"நாளைக்குக் காயும்."

"நீங்க அதட்டினா பயந்து காய்றதுக்கு அது என்ன கிளைவா?"

கார்வன் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அது காயவில்லை. கார்வன் வேறு பெட்டி தருவதாகச் சொன்னார். உனா மறுத்துவிட்டாள். பெட்டிமேல் போர்த்தப் பாதிரியார் கொண்டுவந்த வெள்ளைத் துணியைத் திருப்பி அனுப்பினாள். மலர் வளையங்களைக் கையிலேயே வைத்திருக்கச் சொன்னாள்.

"பிடியை மட்டும் பிடிங்க. பலகையில ஒரு விரல் படக்கூடாது," என்றாள் பெட்டி தூக்க வந்தவர்களிடம்.

கல்லறைத் தோட்டத்தில் காற்று வீசியது. வாட்டில் மரத்தின் சின்னஞ்சிறு மஞ்சள் பூக்கள் மூடியில் வந்து ஒட்டின. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, உனா டர்பன்டைன் நனைத்த துணியின் நுனியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். பாதிரியார் ஜெபத்தை நிறுத்திக் காத்திருந்தார்.

பெட்டியைக் குழிக்குள் இறக்கும் நேரம் வந்தது. நோரீன் கையுறையைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தாள். மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். நேரமாயிற்று, அவள் எடுக்கவில்லை. எடுத்தபோது, ஒட்டியிருந்த கை மெல்லிய சத்தத்தோடு பிரிந்து வந்தது. பளபளப்பின் நடுவே ஐந்து விரலும் ரேகையோடு பதிந்திருந்தன.

கார்வன் உனாவைப் பார்த்தார். டர்பன்டைன் துணி அவள் கையில் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

உனா அதை நான்காக மடித்தாள். கைப்பைக்குள் வைத்து மூடினாள்.

"இறக்குங்க," என்றாள்.