ஷியுலியின் குட்டிக்கு ஒரு பாலிசி

வெயில் ஏறுவதற்குள் ஜெயப்ரியா தனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள், ஷியுலி குட்டி போட்டுவிட்டதென்று. வங்காளத் தலைநகரின் தெற்கோரம், பெஹாலாவைத் தாண்டி ஜோகா பக்கம் அவள் நடத்தும் குதிரையேற்றப் பள்ளியில் பிறந்த முதல் குட்டி அது. பெண் குட்டி. பழுப்பு நிறம், நெற்றியில் கோணலாக ஒரு வெள்ளைப் பொட்டு, உடம்புக்குச் சம்பந்தமில்லாத நீளத்தில் நாலு கால்கள். அந்தக் கால்களில் தானே சிக்கிக்கொண்டு விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, கடைசியில் நின்றேவிட்டது. யாரும் கைகொடுக்கவில்லை. நின்றதும் தாயின் மடியைத் தேடி முட்டியது. ஜெயப்ரியாவுக்குத் தானே நின்றுகாட்டியது மாதிரி இருந்தது.

அவள் பெருமைக்குக் காரணம் இருந்தது. ஷியுலி நகர நடுவிலுள்ள பெரிய மைதானத்தில் சாரட் வண்டி இழுத்துக்கொண்டிருந்த குதிரை. பின்னங்காலில் சீழ் வைத்து, இனி உதவாது என்று வண்டிக்காரர் கைவிட்ட நேரத்தில் ஜெயப்ரியா அதைக் கூட்டிவந்தாள். அப்போது பூஜைக் காலம். லாயத்து வாசலில் பவழமல்லி கொட்டிக் கிடந்தது. வங்காளிகள் அந்தப் பூவை அழைக்கும் பெயரையே குதிரைக்கும் வைத்தாள். புண்ணைக் கழுவிக் கழுவி ஆற்றினாள். கால் சரியானபின், பந்தயத்திலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்ட ஓர் ஆண் குதிரையோடு சேர்த்தாள். வண்டிக் குதிரைக்கு இதெல்லாம் எதற்கு என்று டாலிகஞ்சில் ஜாதிக் குதிரை வைத்திருக்கும் பணக்காரர்கள் சிரித்தது அவள் காதுக்கும் வந்தது.

மத்தியானம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவள் கணவன் தினேஷ்குமார் வந்தான். அவன் வங்கி அதிகாரி. குதிரையைக் கண்டால் நாலடி தள்ளி நிற்பவன். வேலிக்கு வெளியிலிருந்தே குட்டியைப் பார்த்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்றான். பிறகு தயிர்சாத டப்பாவைத் திறந்தபடியே, இதற்கு இன்சூரன்ஸ் எடுத்துவிடலாமா என்று கேட்டான்.

"பொறந்த அன்னிக்கே அது செத்துப்போறதப் பத்திப் பேசணுமா உங்களுக்கு?"

"அதுக்கில்ல ஜெயா. போன வருஷம் ஷியுலிக்கு வயித்துவலி வந்தப்ப நீ ரெண்டு நாள் சாப்பிடல."

"பணம் வந்தா மட்டும் சாப்பிட்டுருவனா?"

அவன் அதற்குமேல் வாதாடவில்லை. ஆனால் தன் வங்கிக்கு வந்துபோகும் கோவிந்தராஜன் என்ற இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு, அவள் கையில் கொடுத்துவிட்டான். கோவிந்தராஜன் மரியாதையாகத்தான் பேசினார். தகப்பன் யார் என்று கேட்டார், சொன்னாள். தாய் என்ன வம்சம் என்று கேட்டார். மைதானத்தில் வண்டி இழுத்தது என்றாள். பிறகு அவர், குட்டிக்கு இவ்வளவு மதிப்புப் போடலாம் என்று ஒரு தொகை சொன்னார். நல்ல சைக்கிள் ஒன்று அந்த விலைக்குக் கிடைக்கும்.

ஜெயப்ரியாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அதுவரை இன்சூரன்ஸே வேண்டாம் என்றிருந்தவள், எடுத்தால் நல்ல ஜாதிக் குட்டிக்குப் போடுகிற மதிப்புக்குத்தான் எடுப்பேன் என்றாள். அதற்கென்ன, போடலாம், ஆனால் குட்டிக்கு ஒரு நாள் கழிந்தபிறகு டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்து சான்று தரவேண்டும் என்றார் அவர். தரேன் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மறுநாள் ரஞ்சன்தா வந்தார். அந்தப் பக்கத்துக் குதிரைகளுக்கெல்லாம் அவர்தான் டாக்டர், மனிதர்களுக்கெல்லாம் தாதா, அதாவது வங்காளிகளின் பேச்சில் அண்ணன். குட்டி துள்ளிய துள்ளலைப் பார்த்து, இதற்கு எதற்குப் பரிசோதனை, கண்ணே சொல்கிறதே என்று வங்காள மொழியில் சொல்லிச் சிரித்தார். ஜெயப்ரியா விடவில்லை. ஏஜென்ட்டின் வாயை அடைக்க அவளுக்கு அந்தக் காகிதம் வேண்டும். அவர் குட்டியின் கழுத்திலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்தார். கையோடு கொண்டுவந்திருந்த பரிசோதனைக் கிட்டில் சொட்டு விட்டுக் காத்திருந்தார். பார்த்தார். இன்னொரு கிட்டை எடுத்து மறுபடி செய்தார். ஜெயப்ரியா பக்கத்தில் போய் எட்டிப்பார்த்தாள்.

பிரசவத்துக்கு முன்னாலேயே ஷியுலிக்குப் பால் சொட்டியதா என்று அவர் கேட்டார். சொட்டியது. பால் பெருகி வழிகிறது என்று அதையும் அவள் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருந்தாள். சொட்டிப் போனது சீம்பால் என்றார் அவர். குட்டி குடித்தது வெறும் பால். நோயை எதிர்க்கும் சக்தி அதன் உடம்பில் ஏறவேயில்லை. இன்றைக்குத் துள்ளும், நாளைக்கும் துள்ளும், ஒரு சின்னக் காய்ச்சல் வந்தால் எழுந்திருக்காது.

ஜெயப்ரியா தீவனத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். குட்டி வந்து அவள் துப்பட்டாவைக் கடித்து இழுத்தது.

"என்ன செய்யணும், சொல்லுங்க தாதா," என்றாள்.

வளர்ந்த, ஆரோக்கியமான குதிரையின் ரத்தத்திலிருந்து பிளாஸ்மா பிரித்துக் குட்டிக்கு ஏற்றவேண்டும். பள்ளியில் லட்டு இருந்தான். குதிரையேறப் புதிதாக வருகிற குழந்தைகளை முதலில் ஏற்றிவைப்பது அவன்மேல்தான். பருத்த, சோம்பேறிக் குதிரை. ஒருநாளும் ஒரு வியாதி வந்ததில்லை. டாக்டர் ஊசி போட்டபோது லட்டு கண்ணைக்கூடச் சரியாகத் திறக்கவில்லை. ரத்தப் பைகளைத் தொங்கவிட்டு, சிவப்பு அடியில் தங்கி மேலே மஞ்சளாகத் தெளிகிறவரை காத்திருந்தார்கள். பிறகு குட்டியைப் படுக்கவைத்து ஏற்றவேண்டும். அசையாமல் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும் என்றார் டாக்டர்.

அன்றும் சாப்பாட்டோடு வந்திருந்த தினேஷ்குமார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வேலிக்குள் வந்தான். வைக்கோலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குட்டியின் பின்பக்கத்தை மடியில் அணைத்துக்கொண்டான். ஜெயப்ரியா தலையைப் பிடித்தாள். ஷியுலி இருவர் தலையையும் மாறிமாறி முகர்ந்துகொண்டு நின்றது. பை காலியாகும்வரை அவன் கால் மரத்துப்போயும் அசையவில்லை. இன்சூரன்ஸ் பேச்சு எடுக்காமலிருந்தால் இந்தப் பரிசோதனையே நடந்திருக்காது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் அதைச் சொல்லிக்காட்டவில்லை. அவள்தான் சொன்னாள்.

"நீங்க கேக்காம இருந்திருந்தா நான் பாத்திருக்கவே மாட்டேங்க."

"நீ ரோஷப்படாம இருந்திருந்தா நானும்தான் விட்டிருப்பேன்," என்றான் அவன்.

மறுநாள் பரிசோதனையில் டாக்டரின் முகம் தெளிந்தது. வேண்டிய அளவு சக்தி ஏறியிருந்தது. அதன்பிறகும் ஒரு வாரம் ஜெயப்ரியா வீட்டுக்குப் போகவில்லை. குட்டிக்குக் காய்ச்சலும் வரவில்லை. சான்றைப் பார்த்த கோவிந்தராஜன் தானே போன் செய்தார். தகப்பனின் பெயரை விசாரித்ததாகவும், அவள் கேட்ட மதிப்புக்கே பாலிசி போட மேலே சம்மதித்துவிட்டார்கள் என்றும் சொன்னார்.

ஜெயப்ரியா கொஞ்சம் யோசித்தாள். பிறகு, பாலிசி வேண்டும், ஆனால் நீங்கள் முதலில் சொன்ன மதிப்புக்கே போடுங்கள் என்றாள். பக்கத்திலிருந்த தினேஷ்குமாருக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்காகத்தானே அவ்வளவு சண்டை என்று கேட்டான்.

"அவரு குட்டியப் பாத்ததேயில்லயே. அவருகிட்டப் போயி விலை கேட்டு நின்னேன் பாருங்க. ஏதாவது ஆச்சுன்னா அடக்கம் பண்ற செலவுக்கு அது போதும். பிரீமியத்துல மிச்சமாற பணத்த ரஞ்சன்தாவோட வைத்தியத்துக்கு வச்சுக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை குட்டியை முதல்முறை பள்ளியின் ஓடுதளத்தில் அவிழ்த்துவிட்டார்கள். பள்ளிக்கு வரும் பிள்ளைகளும் பெற்றோரும் வேலியோரம் நிறைந்துவிட்டார்கள். டாலிகஞ்சிலிருந்துகூட இரண்டு கார் வந்திருந்தது. குட்டி முதலில் தாயின் நிழலிலேயே நின்றது. பிறகு என்ன தோன்றியதோ, பறந்தது. வேலியோடு ஒரு முழுச் சுற்று ஓடியது. பின்னால் ஓடிவந்த ஷியுலியால் எட்டிப்பிடிக்க முடியவில்லை.

"எந்த இடத்துக் குட்டி?" என்று காரிலிருந்து இறங்கியவர் ஒருவர் கேட்டார்.

"இந்த இடத்துக் குட்டி," என்றாள் ஜெயப்ரியா. அதற்குள் தினேஷ்குமார் வேலிமேல் ஏறி உட்கார்ந்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை வங்கியில் கணக்குத் தொடங்க வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினானாம்.