வெள்ளிக்கிழமை மினுக்கிய காசு

எல்லிங்ஸ்ருட் அடுக்குமாடியின் லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. யோகராசா அவசர மணியை அழுத்தினார். ஆள் வருகிறார், பொறுங்கள் என்று நொர்வேஜிய மொழியில் ஒரு பெண்குரல் சொல்லி ஓய்ந்தது.

"நிண்டுதே, நல்ல நேரம் பாத்து! கீழை லோறன்ஸ் காத்துக்கொண்டு நிக்கிறான்."

மனைவி மங்களேஸ்வரி அவருடைய கோட்டுப் பையைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள். நாணயச் சங்கத்தில் காட்டிப் பேச லோறன்ஸ் நம்பிக் கொடுத்த பழங்காசு அதற்குள் இருந்தது. பேச்சு நல்லபடி அமையட்டும் என்று யோகராசா அதைச் சாமித்தட்டில் வைத்திருந்தார். அது இருந்த சின்னப் பெட்டியைத் தட்டிலிருந்து எடுத்த பிறகு அவர் இன்னும் திறந்து பார்க்கவில்லை.

"அப்பிடி என்னப்பா பெரிய காசு?"

"உரோமர் பிடிச்ச ஒரு சின்ன ஊர் அடிச்ச வெண்கலக் காசு. ஒரு பக்கம் சக்கரவர்த்தி, மற்றப் பக்கம் ஊர் அம்மன். ஊரைத் தாண்டினால் செல்லாது."

"எங்களைப் போலை எண்டு சொல்லுங்கோ."

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு சொட்டை, ஒரு நக்கல்!"

"பழசெண்டால் கழுவி வைக்கிறதுதானே?"

"கழுவுறதோ! அம்மன்ரை கண்ணும் மூக்கும் காசிலை படிஞ்ச அந்தப் பச்சைப் படையிலைதான் நிக்குது. அது போனால் அம்மனும் போச்சு. லோறன்ஸ் பிறகு என்ரை முகத்திலை முழிப்பானே?"

மங்களேஸ்வரிக்கு லிப்டுக்குள் காற்றே தீர்ந்துபோனது போலிருந்தது. காலையில் கழுவுதொட்டியில் ஓடிய பச்சைத் தண்ணீர் கண்ணுக்குள் நின்றது.

"சும்மாதானே நிக்கிறம், காட்டுறன்." அவர் கை பைக்குள் போனது.

"வேண்டாமப்பா!"

"என்ன, உனக்கு வேர்க்குது? லிப்டுக்குப் பயமோ?"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை எல்லே..."

"அதுக்கு?"

"விளக்கு மினுக்கினனான். பழப்புளி கிடந்தது. களிம்பு எண்டு நினைச்சு இதையும் மினுக்கிப்போட்டன். சந்தோசப்படுவியள் எண்டு..."

அவர் பெட்டியைத் திறந்தார். காசு புதுச் செப்புக்குடம் போல் மினுங்கியது. அம்மன் இருந்த பக்கத்தில் சின்னச் சின்னக் குழிகள்தான் மிச்சம். யோகராசா பெட்டியைப் படாரென்று மூடினார். போக இடமில்லாததால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

லிப்ட் குலுங்கி இறங்கியது. கதவு திறந்ததும் எதிரே லோறன்ஸ்.

"என்ன அண்ணை, சங்கத்திலை இருந்து ரெண்டு தரம் போன் அடிச்சுப்போட்டாங்கள்!"

யோகராசாவின் விரல் கதவை மூடும் பொத்தானுக்குப் போனது. மங்களேஸ்வரி காலை நீட்டினாள். மூடவந்த கதவு அவள் சப்பாத்தில் இடித்துத் திரும்பியது.

"அண்ணரிலை பிழையில்லை, தம்பி. பெட்டியைத் தாங்கோப்பா."

யோகராசா கொடுத்தார். அவள் இறங்கினாள். அவர் மட்டும் இறங்காமல் உள்ளேயே நின்றார்.