வெள்ளித் தண்ணீர்

சுலக்ஷனா தேயிலைத் தோட்டத்து லய வீட்டின் கதவைத் தள்ளித் திறந்ததும், தோள் பையைக்கூட இறக்காமல் ஜன்னலோரக் கோப்பைகளிடம்தான் போனாள். ஆறு கண்ணாடிக் கோப்பைகள். ஆறிலும் கடுகளவு இலையாக மிதக்கும் குளத்துப் பாசி. மூன்றில் மலை ஊற்றிலிருந்து பீலியில் வந்து விழும் வெறும் தண்ணீர். மற்ற மூன்றில் கண்ணுக்கே தெரியாத வெள்ளித் துகள் கலந்த தண்ணீர். பத்து நாளைக்கு முன் புதன்கிழமை அவள் பரீட்சைக்காகப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, வெள்ளிக் கோப்பைகளில் பாசி மஞ்சளடித்து, வேர் உதிர்ந்து, சாகக் கிடந்தது. திம்புள்ள மலைக் குளிரில் அது எத்தனை நாளில் முழுக்கச் சாகும் என்பதுதான் அவளுடைய பட்டத்துக்கான ஆய்வே. நாளைக்குக் கடைசி எண்ணிக்கை.

இப்போது பார்த்தால், அடக் கடவுளே, சாக வேண்டியதில் இரண்டு கோப்பை பச்சைப்பசேலென்று சிரிக்கிறது!

"அம்மா! இதத் தொட்டீங்களா?"

கொழுந்து பறித்துவிட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்த அழகம்மா நிமிர்ந்தாள். "தொடாம? நீ சொன்னதத்தானே செஞ்சேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"மூணு கோப்பையில 'வெள்ளி'ன்னு எழுதி ஒட்டிட்டுப் போனியே. வெள்ளிக்கெழம தண்ணி மாத்தணும்னு எனக்கு வெளங்காதா? ரெண்டு வெள்ளியும், காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறதுக்கு முந்தியே, நல்ல பீலித் தண்ணி மாத்திட்டேன். கொட்டுன தண்ணி வாளியில இருக்கு. ஆத்துக்கு ஓடுற கான்ல எதையும் ஊத்தாதன்னு நீதானே உசுர வாங்குற."

அம்மாவுக்குப் புரியட்டும் என்றுதான் தமிழில் எழுதி ஒட்டியிருந்தாள். நன்றாகத்தான் புரிந்திருக்கிறது! சுலக்ஷனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கொலுசு செய்ற வெள்ளிம்மா அது. கால்ல போடுற மேஸ் நாறாம இருக்க அதத் தூளாக்கி நூல்ல சேக்குறாங்க. துவைக்கத் துவைக்கக் கழண்டு ஆத்துக்குப் போவுது. அதுல பாசி சாவுதான்னு பாக்கத்தான் இவ்வளவும்."

அழகம்மா வாயைப் பிளந்தாள். "காலு நாத்தத்துக்கு வெள்ளியா? எனக்கு ஒரு கொலுசு வாங்கித் தர நாதியில்ல, மேஸுக்கு வெள்ளி போடுறானுங்களாம்!"

அழ வந்தவள் பக்கென்று சிரித்துவிட்டாள். இருந்தாலும் உடனே தன் விரிவுரையாளர் கிருஷாந்திக்குப் போன் எடுத்தாள். பட்டம் போச்சு என்றே நினைத்தாள். நடந்ததை ஒன்று விடாமல் ஒப்பித்தாள்.

"சாகக் கிடந்தது பிழைச்சிருக்கா?" என்றார் கிருஷாந்தி. "அப்ப எண்ணுங்க. சாகிறதப் பத்தி நிறையப் பேர் எழுதிட்டாங்க. தண்ணி சுத்தமானா அது எவ்வளவு திரும்ப உயிர் பிடிக்குதுன்னு நீங்க எழுதுங்க. ஆனா திரும்ப முதல்ல இருந்து செய்யணும், ரெண்டு மாசம் கூடப் போகும். சரியா?"

"சரிங்க மிஸ்," என்றாள். குரல் கொஞ்சம் கீச்சிட்டது.

முதல் வெள்ளிக் கோப்பையில் ஊசி முனையால் ஒவ்வொரு இலையாகத் தள்ளி எண்ண ஆரம்பித்தாள். பதினேழு வரை வந்து தடுமாறினாள். பக்கத்தில் குந்தியிருந்த அழகம்மா விரலைக்கூட நீட்டாமல், "இருவத்தி மூணு. அதுல ஆறு புதுசு," என்றாள். நாள் முழுக்கக் கொழுந்தையும் முற்றினதையும் பிரித்துப் பார்க்கிற கண். சுலக்ஷனா இரண்டு தரம் சரிபார்த்தாள், இருபத்து மூன்றேதான்.

கடைசி வெள்ளிக் கோப்பைதான் மோசம். வெளுத்த இலைகள்தான் சும்மா மிதந்தன. சுலக்ஷனா ஊசியைக் கீழே வைக்கப் போனாள்.

"அவசரப்படாத புள்ள. அந்த ஓரத்துல பாரு."

இரண்டு தலைகளும் முட்டிக்கொள்ளக் குனிந்தார்கள். வெள்ளைக் காகிதமாய் வெளுத்துப்போன ஓர் இலையின் அடியிலிருந்து, குண்டூசித் தலையளவு பச்சை எட்டிப் பார்த்தது. தன் மூச்சுக் காற்றில் அது விலகிப் போய்விடுமோ என்று சுலக்ஷனா வாயைப் பொத்திக்கொண்டாள்.