பேர் போடாத புத்தகம்

காலையிலிருந்து நெல் அவித்த களைப்பில் உலகம்மை சுவரில் சாய்ந்திருந்தாள். நாகர்கோவிலில் காலேஜ் வாத்தியாரான அவள் கணவர் முத்துக்குமாரசாமி, அமெரிக்காவின் முதல் பெண் கவிஞரைப் பற்றிய நாளைய பேச்சை அவளிடம் வாசித்துக் காட்டினார்.

“எட்டுப் பிள்ளை பெத்தவ, கேட்டியா? அவளுக்குத் தெரியாமலே தங்கச்சி மாப்பிள்ளை கவிதையெல்லாம் லண்டனுக்குக் கொண்டுபோயி அச்சுப் போட்டுட்டான். என்ன அக்கிரமம்!”

தன் அம்மை செத்த அன்று உலகம்மை சொல்லி அழுத ஒப்பாரி, 1952 காலேஜ் ஆண்டு மலரில் கணவர் பெயரில் கவிதையாக வந்திருந்தது. அதைக் கேட்டுச் சண்டை போட அவளுக்கு இதுவரை தெம்பு இருந்ததில்லை.

“புத்தகத்துல அவ பேராவது போட்டாவளா?”

“இல்ல. ஒரு பெண்மணி எழுதினதுன்னு மட்டுந்தான்.”

உலகம்மை எழுந்து அடுத்த பானையை அடுப்பில் ஏற்றினாள்.

“பொம்பளைன்னாவது போட்டாவளே.”