மூடிவிட்டு வந்த வால்வு

தண்ணீரில் மிதக்கிற படகுக்கு ஏசி எதற்கு என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடல் காற்றுதான் இருக்கிறதே என்பார்கள். அவர்களை ஒரு வெயில் நாளில், உச்சி வேளையில், துறையில் கட்டிப்போட்ட படகின் அறைக்குள் அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். மூடிய ஃபைபர் கூடு அது. மேலே வெயில், இரண்டு பக்கமும் ஒட்டி நிற்கும் வேறு படகுகள். காற்று எந்த வழியாக வரும்? அந்த அறைகளைக் குளிர வைப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக என் பிழைப்பு. துறையில் எனக்குப் பெயரே ‘ஏசி’தான். எனக்குப் பெயர் வைத்த அப்பாவே திரும்பி வந்தாலும் ஏசி எங்கே என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள்.

வீட்டு ஏசி உள்ளே இருக்கிற சூட்டை வெளிக்காற்றில் தள்ளும். படகு ஏசி அதைக் கடல் தண்ணீரில் தள்ளும். படகின் அடியில் ஒரு துளை, அதன்மேல் ஒரு வால்வு. வால்வு வழியாக பம்ப் தண்ணீரை உறிஞ்சும். அந்தத் தண்ணீர் மெஷினின் சூட்டை வாங்கிக்கொண்டு பக்கவாட்டில் இருக்கும் ஓட்டை வழியாக வெளியே விழும். அது விழுகிறவரை உள்ளே குளிர்ச்சி. தண்ணீர் நின்றுபோனால் சில நிமிடங்களில் மெஷின் தானாக நின்றுவிடும். ஆனால் அறையில் இருக்கும் ஃபேன் நிற்காது. சூடான காற்றை அது பாட்டுக்கு ஊதிக்கொண்டிருக்கும். கேட்கிறவர்களுக்கு எல்லாம் ஒழுங்காக ஓடுவதாகத்தான் தோன்றும்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் படகில் வேலை முடிந்தாலும் இறங்குவதற்கு முன் அந்த வால்வை மூடிவிடுவேன். ஆளில்லாத படகுக்கு அதுதான் பாதுகாப்பு. இந்தப் பழக்கம் வந்த கதையை எட்டு வருடம் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணனிடம் அப்போது சொந்தமாக ஒரு பயணிகள் படகு இருந்தது. அதன் ஏசிக்குப் புதுக் குழாய் மாட்டினேன். வால்வோடு குழாயைச் சேர்க்கும் கிளாம்பை முறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசி முடித்துவிட்டு, முறுக்கியாகிவிட்டது என்று நினைத்துப் பெட்டியை மூடினேன். ராத்திரியில் குழாய் கழன்று, திறந்திருந்த வால்வு வழியாகத் தண்ணீர் ஏறிவிட்டது; மறுநாள் காலையில் படகு நின்ற இடத்திலேயே மூழ்கி, கூரை மட்டும் தெரிந்தது. விசாரிக்க வந்த அதிகாரி, “குழாய் பழசா?” என்று கேட்டார். “ஆமா சார், பழசு. நான்தான் மாத்தாம விட்டுட்டேன்” என்றான் அண்ணன். அந்தக் குழாயை முந்தின வாரம் கடையில் வாங்கி வந்தவனே அவன்தான். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் அடுத்தவர்களின் படகை ஓட்டினான். நான் வால்வுகளை மூடிக்கொண்டு திரிந்தேன். போகப் போக, கை என்னைக் கேட்காமலே அந்த வேலையைச் செய்யப் பழகிவிட்டது.

போன வருடம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கையும் கண்ணும்தான் அவன் சொல்படி கேட்டன. வீட்டைக் காலி செய்துவிட்டு அண்ணனும் அண்ணியும் துறையின் தெற்கு ஓரத்தில் ஒரு பழைய சின்னப் படகில் குடியிருந்தார்கள். அண்ணிக்குத் துறையிலேயே டிக்கெட் கவுண்டரில் வேலை. மதியம் ஒரு மணிக்கு ஓடி வந்து அவனுக்கு ஊட்டிவிட்டுப் போவார். “உடம்பு இனிமே சூட்டைத் தாங்காது. வெயில் காலத்துல ரூம் குளிர்ச்சியா இருந்தே ஆகணும்” என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஏசியை நான்தான் மாட்டினேன். கிளாம்பை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு, மூன்று தடவை முறுக்கிப் பார்த்தேன்.

அந்தக் கோடையில் வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு நாள் காலையில் அண்ணி போன் செய்தார். “தம்பி, ஏசி சரியா குளிரல. உங்க அண்ணனுக்கு ஒரேடியா வேர்க்குது. நான் வேலைக்குக் கிளம்பறதுக்குள்ள வந்து பாத்துடுங்களேன்.”

ஒன்பது மணிக்குப் போனேன். அண்ணி தோளில் பையோடு தயாராக நின்றார். பம்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டியைத் திறந்தால் உள்ளே ஜெல்லி மீன்கள் நசுங்கி அடைத்துக்கொண்டிருந்தன. வால்வை மூடி, எல்லாவற்றையும் வழித்துப் போட்டு, கழுவி மாட்டி, வால்வைத் திறந்தேன். பக்கவாட்டில் தண்ணீர் நன்றாக விழுந்தது. அண்ணி எட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“நீங்க இல்லேன்னா எங்க பாடு திண்டாட்டம்தான் தம்பி. கொஞ்ச நேரம் அவர்கூட இருந்துட்டுப் போங்க.”

இருந்தேன். அண்ணி சவரம் செய்துவிட்டதில் அவன் தாடையில் இரண்டு கீறல்கள். “என்னண்ணா, அண்ணி பழைய கணக்கெல்லாம் தீத்துக்கறாங்க போல” என்றேன். முகத்தின் பாதி சிரித்தது. அறைச் சுவரில் இருந்த வெப்பமானி இருபத்து நாலுக்கு இறங்கும்வரை அவனுடைய கால்களைப் பிடித்துவிட்டேன். பத்து மணிக்குப் பெட்டியை எடுத்தேன். வால்வு இருக்கும் குழி அவன் கட்டிலுக்கு நேர் எதிரே தரையில் இருந்தது. குழியின் பலகையைப் போடக் குனிந்தேன். கை உள்ளே போய் வால்வை மூடியது. பலகையைப் போட்டேன். நான் செய்தது எனக்கே தெரியாது.

அண்ணன் இடது கையைத் தூக்கினான். தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. நானும் கையைத் தூக்கி ஆட்டினேன்.

“வரேண்ணா. சாயங்காலம் பாக்கலாம்.”

அவன் இன்னும் உயரத் தூக்கினான்.

“போதும்ப்பா, பாசம் ரொம்பத்தான் பொங்குது” என்று சொல்லிவிட்டு, குளிர்ச்சி வெளியே போகக் கூடாதென்று கதவை இழுத்துச் சாத்தினேன்.

அடுத்த வேலை வடக்கு ஓரத்தில், ஒரு பெரிய வெள்ளைப் படகில். ஒன்றரை மணி நேரம் பிடித்தது. முடித்துவிட்டுக் குனிந்தபோது படகுக்காரரின் மனைவி பதறிப்போய்க் கேட்டார்.

“ஏங்க, அதை ஏன் மூடறீங்க? உள்ள குழந்தை தூங்குது.”

என் கை வால்வின் பிடிமேல் இருந்தது. பாதி திருப்பியிருந்தேன். அதைப் பார்த்தேன். பிடியைப் பழையபடி திருப்பித் திறந்தேன்.

பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். துறையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு. ஐம்பது வயதில் அப்படி ஓடக்கூடாது, ஓடினேன். எதிரில் வந்த வாட்ச்மேன் என்னவோ கேட்டபடி பின்னால் வந்தார். தூரத்திலிருந்தே தெரிந்தது, பக்கவாட்டில் தண்ணீர் விழவில்லை. உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் நன்றாகக் கேட்டது.

கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. வெப்பமானியில் நாற்பத்து மூன்று. அண்ணனுக்கு வேர்வைகூட இல்லை. உடம்பு காய்ந்து கொதித்தது. கண் பாதி மூடியிருந்தது. இடது கை கட்டிலுக்கு வெளியே, குழியின் பக்கமாக நீண்டு கிடந்தது. நானும் வாட்ச்மேனும் அவனைத் தூக்கி வெளியே நிழலில் போட்டுத் தண்ணீரை ஊற்றினோம். “அண்ணா, அண்ணா” என்று கத்திக்கொண்டே இருந்தேன். வாட்ச்மேன்தான் ஆம்புலன்ஸுக்கும் அண்ணிக்கும் போன் செய்தார்.

அண்ணி கவுண்டரை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். “என்ன ஆச்சு? நல்லாத்தானே ஓடிச்சு?” என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

“காலையிலேர்ந்தே கரண்ட் வந்து வந்து போகுதும்மா” என்றார் வாட்ச்மேன். உண்மையாகவே அவர் அப்படித்தான் நினைத்தார்.

நான் பேசவில்லை. எட்டு வருடத்துக்கு முன் நின்ற மாதிரியே நின்றேன்.

ஆஸ்பத்திரியில் அண்ணன் பிழைத்தான். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். மூன்று நாளும் நான் வராந்தாவிலேயே கிடந்தேன். அண்ணி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். “நீங்க மட்டும் அந்த நேரத்துக்கு வரலேன்னா…” என்று சொல்லிச் சொல்லி அழுதார். அந்த டீயைக் குடித்தேன். நானும் ஒரு மனுஷன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

நாலாவது நாள் அண்ணி ஒரு தாளோடு வந்தார். துறையின் கரண்ட்காரர்மேல் புகார். அவருடைய அஜாக்கிரதையால் ஒரு நோயாளி சாகக் கிடந்தார், அவரை வேலையை விட்டு எடுக்க வேண்டும் என்று கோடு போட்ட தாளில் அடித்தல் திருத்தம் இல்லாமல் எழுதியிருந்தார். அந்தக் கரண்ட்காரர் ஒரு பாவப்பட்ட மனிதர். வயர் வாங்கித் தரச் சொல்லி ஆபீஸுக்கு நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்தவர்.

“சாட்சி கையெழுத்து நீங்க போடுங்க தம்பி. ஏசி வேலை தெரிஞ்சவரு. நீங்க சொன்னா எடுபடும்.”

பேனாவை வாங்கினேன். திறந்திருந்த கதவு வழியாக அண்ணனின் கட்டில் தெரிந்தது. அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவையும் காட்டிக்கொடுக்க மாட்டான் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

“கரண்ட் போகல அண்ணி. நான்தான் வால்வை மூடிட்டுப் போயிட்டேன். பழக்கதோஷம்.”

அண்ணிக்கு முதலில் புரியவில்லை. பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்றே ஒன்று கேட்டார்.

“அவர் பாத்தாரா?”

“பாத்தாரு. கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாரு. நான் டாட்டா காட்டிட்டுக் கதவைச் சாத்திட்டுப் போயிட்டேன்.”

பழைய படகின் கிளாம்பையும் சொன்னேன். எப்படியோ வாய் திறந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை. அண்ணி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

“என் கண்ணு முன்னால நிக்காதீங்க. போங்க.”

எழுந்து நடந்தேன். முதுகுக்குப் பின்னால் அறைக்குள் அவருடைய குரல் கேட்டது. அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கையைத் தூக்கினா இவங்களுக்கெல்லாம் புரியாதுங்க. இனிமே எதையாவது எடுத்து எறிங்க. மண்டை உடைஞ்சாலும் பரவால்ல. எறிங்க.”

பதினைந்து நாள் நான் அந்தப் பக்கமே போகவில்லை. அண்ணனைப் படகுக்குக் கூட்டி வந்துவிட்டதாக மட்டும் கேள்விப்பட்டேன். வேறு படகுகளிலும் ஒழுங்காக வேலை ஓடவில்லை. ஒவ்வொரு வால்வின் முன்னாலும் திறப்பதா மூடுவதா என்று புத்தி கெட்டவனாக உட்கார்ந்திருந்தேன். பிறகு அண்ணியிடமிருந்து போன் வந்தது.

“பம்ப் சத்தம் போடுது. நாலு பேரைக் கூட்டிட்டு வந்து காட்டிட்டேன். யாரையும் இவர் தொட விடல. வாங்க.”

தண்ணீரில்லாமல் ஓடியதில் பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர் சக்கரம் தேய்ந்துபோயிருந்தது. புதிது வாங்கிக்கொண்டு போனேன். அண்ணி என்னை ‘வாங்க’ என்றுகூடச் சொல்லவில்லை. குழியின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, என் விரல்களையே பார்த்தார். அண்ணனின் இடது கைப்பக்கம், கட்டிலில், ஒரு சில்வர் டம்ளர் இருந்தது. அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

வால்வை மூடிவிட்டுச் சக்கரத்தை மாற்றினேன். வால்வைத் திறந்தேன். அண்ணி வெளியே எட்டிப் பார்த்து, “விழுது” என்றார். குழியின் பலகையைப் போட்டேன். கை சும்மா இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது டம்ளர் வந்து நெற்றியில் அடித்தது.

“எதுக்குங்க? தொறந்துதானே இருக்கு?” என்று அண்ணி பதறினார்.

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சு வாங்கியது. கண் சிவந்திருந்தது. சின்ன வயதிலிருந்து நான் எத்தனையோ உடைத்திருக்கிறேன், தொலைத்திருக்கிறேன். ஒரு தடவைகூட அவன் என்னை அடித்ததில்லை. எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டே பழகிவிட்டான்.

டம்ளரை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

“எறிண்ணா.”

மறுபடி எறிந்தான். தோளில் பட்டது. எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவது தடவை கையில் வலு இல்லை, டம்ளர் அவன் மார்பிலேயே விழுந்து உருண்டது. அவன் வாய்விட்டு அழுதான். பக்கவாதம் வந்த பிறகு அவ்வளவு பெரிய சத்தம் அவனிடமிருந்து வந்ததில்லை. நானும் கட்டிலருகே உட்கார்ந்து அழுதேன். அண்ணி எங்களைத் தடுக்கவில்லை. என் நெற்றிக்கு ஒரு ஈரத்துணியைக் கொடுத்துவிட்டு, தண்ணீர் விழுகிறதா என்று பார்க்க மறுபடி வெளியே போனார்.