லென்ஸில் இல்லாத தூசி

...தூசிதான், வேறென்ன, காலையில் கேமராவைச் சர்வீஸ் செய்ய வந்தவன் டீ வருகிறதா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான், அவன் துடைத்த லட்சணம் அப்படித்தான் இருக்கும். இந்தக் கண் ஆஸ்பத்திரியில் என் வேலை விழித்திரையைப் படம் எடுப்பது, எடுப்பது மட்டும், பார்த்து இன்னது என்று சொல்வது பக்கத்து அறை டாக்டர். சர்வீஸ் முடிந்தால் முதலில் ஒரு கண்ணை வைத்துச் சோதிக்க வேண்டும், வருஷா வருஷம் அந்தக் கண் என் வீட்டுக்காரருடையதுதான், என்னை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்ட பாவத்துக்கு மனிதர் மாட்டிக்கொள்வார். சொட்டு மருந்து விட்டு, தாடையைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, நேராப் பாருங்க, சிமிட்டாதீங்க... திரையில் செக்கச் சிவந்த உருண்டை, கிளை கிளையாய் ரத்தக் குழாய்கள், ஓரத்தில் மங்கலாய் ஒரு பழுப்புத் திட்டு. லென்ஸைத் துடைத்தேன், மறுபடி எடுத்தேன், இருந்தது. தூசி என்றே வைத்துக்கொண்டேன். வழக்கம்போலத் திரையைப் போனில் ஒரு படம் பிடித்தேன், அவருடைய கண்ணல்லவா, வேறு யாருடையதையாவது அப்படிப் பிடிப்பேனா என்ன.

பிடித்ததோடு நிறுத்தியிருக்கலாம். விண்வெளிப் படங்களைப் போட்டுப் பேசுகிற எங்கள் குரூப்பில் காலைப் படம் போடுவது என் பொறுப்பு, இன்றைக்குப் போட வேண்டியது செவ்வாயின் புழுதிப் புயல், போனில் பொடிப் பொடியாய்த் தெரிகிற படங்களில் அதுவும் சிவப்பு உருண்டை இதுவும் சிவப்பு உருண்டை, வெளியே ஆள் கூப்பிட்ட அவசரத்தில் விரல் பக்கத்தில் பட்டு இவர் கண் போய்விட்டது. போன வருஷக் கண்ணை நான் வேண்டுமென்றேதான் போட்டேன், இது எந்த ஊர் நிலா சொல்லுங்கள் பார்ப்போம் என்று. ஒரு பேங்க்காரர் சனியைச் சுற்றுவது என்று அடித்துச் சொன்னார், ஒருத்தி பள்ளத்தாக்குகளை அளந்தே விட்டாள். இரண்டு பேரும் வீட்டில் வயிறு வலிக்கச் சிரித்தோம். என் கண்ணுல ராக்கெட் இறக்கப் போறாங்களாம்டி, வாடகை கேட்கலாமா என்றார். உண்மையைக் கடைசிவரை சொல்லவில்லை, அது எங்கள் இருவருக்குள்ளே இருக்கட்டும் என்று ஒரு குறும்பு... குறும்புதானே?

இப்போது போன் ஓயாமல் அதிர்கிறது. அழித்துவிடலாம் என்று திறந்தால் அதற்குள் வால்நட்சத்திரம் வந்திருக்கிறார், எப்போதாவது வந்து நீளமாய் எழுதிவிட்டுப் போவதால் அவருக்கு அந்தப் பேர். அவருக்கு ஒரு பித்து, ஒரே இடத்தின் பழைய படத்தையும் புதுப் படத்தையும் அச்சாகப் பொருத்தி மாற்றி மாற்றி ஓடவிடுவார், மாறாதது அப்படியே நிற்கும், மாறியது மட்டும் துள்ளும், அப்படித்தான் வானத்தில் நகர்வதைப் பிடிப்பார்களாம். இது நம்ம அக்கா போன வருஷம் போட்ட அதே நிலாதான், ஆத்துப் பாதையெல்லாம் அப்படியே இருக்கு, ஆனா ஓரத்துல பாருங்க, புதுசா ஒரு மலை! பார்த்தேன். குழாய்கள் இம்மியும் அசையவில்லை. அந்தத் திட்டு மட்டும் வந்தது, போனது, வந்தது... எதுவோ உள்ளே உட்கார்ந்து மூச்சு விடுகிற மாதிரி. மலைக்கு நிழல்கூட இருக்கே, நல்ல உயரம்போல, என்கிறாள் அளப்பவள். கண்டுபிடிச்சது அக்கா, அக்கா பேரையே வைங்க என்கிறார் பேங்க்காரர், கீழே வரிசையாய்க் கைதட்டல். பேர் வைக்கிறார்களாம், என் பேரை, அதற்கு.

தூசியென்றால் எல்லார் கண்ணிலும் விழ வேண்டுமே. காலையிலிருந்து எடுத்த படங்களை ஒவ்வொன்றாய்த் திறக்கிறேன், கண்ணாடி போட்ட டீச்சர், சர்க்கரைக்காரர், பேசிக்கொண்டே இருந்த அம்மாள், எல்லாம் சுத்தம், துடைத்துவிட்ட தட்டு மாதிரி. இப்படித் திட்டு எப்போதோ சிலருக்கு வந்து பார்த்திருக்கிறேன். அன்றைக்கெல்லாம் டாக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்துதான் பேசுவார், மற்ற யாருக்கும் அவர் கதவு சாத்துவதில்லை. பயமாக இருக்கிறது, சொன்னால் என்ன, உடம்பெல்லாம் பயமாக இருக்கிறது. டாக்டரிடம் காட்ட வேண்டும், இப்போதே, ஆனால் இவர்? கண்மணி விரிந்துகிடக்கிறது, மருந்து இறங்கும்வரை ஸ்கூட்டர் ஓட்டக்கூடாது என்று நான்தான் வெளியே பெஞ்சில் உட்காரவைத்தேன், அங்கே யாரையோ சிரிக்கவைத்துக்கொண்டிருக்கிற சத்தம் கேட்கிறது... நின்றுவிட்டது. கறுப்புக் கண்ணாடியோடு சுவரைத் தடவிக்கொண்டு இவரே வருகிறார், கையில் போன், அவரும் அந்தக் குரூப்பில்தானே இருக்கிறார்.

"என்னடி, குரூப்பு இன்னைக்குக் கலகலன்னு இருக்கு? டொய்ங் டொய்ங்னு ஒரே சத்தம். எனக்கு எழுத்தெல்லாம் கலங்கலாத் தெரியுது, நீயே படிச்சுச் சொல்லேன்."

"ஒண்ணுமில்லைங்க, எங்கயோ... புதுசா ஒரு மலையாம்."

"அட! ஏறலாமாமா?" என்று சிரித்தார். வாங்க, உட்காருங்க என்றேன், குரல் சரியாகத்தான் வந்தது என்று நினைக்கிறேன். மருந்து இறங்கிவிட்டால் அவரே படித்துவிடுவார், அதற்குள்... அதற்குள் என்ன செய்வேன்?

"அதுக்கு எதுக்குக் கதவைச் சாத்துற?" என்றார். அப்போதுதான் பார்த்தேன், என் கை தாழ்ப்பாளில் இருந்தது.